விற்ற காசும் வருகிற காசும்

கேள்வி: பிரிட்டன் அரசு தன் 'டோட்' பந்தய நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றபோது, கிடைத்த பணத்தில் பாதியைக் குதிரைப் பந்தயத் துறைக்கே தருவதாக வாக்குக் கொடுத்தது. இதைவிட நியாயமாக ஒரு அரசு நிறுவனத்தை விற்க முடியுமா?
— ஒரு வாசகர், லண்டன்

பதில்: பாதி தருவதாகச் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு முறை வருகிற பணம். குதிரைக்குத் தினமும் தீனி போட வேண்டும்.

டோட் 1928-இல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது. சர்ச்சில் நிதியமைச்சராக இருந்த காலம். எல்லோரும் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். லாபம் பந்தயத் துறைக்கே திரும்பிப் போகும். முதலில் இதைப் பந்தயத் துறையினரிடமே ஒப்படைக்கத்தான் அரசு நினைத்தது. 2004-இல் அதற்குச் சட்டமும் வந்தது. சந்தை விலைக்குக் குறைத்துக் கொடுப்பது அரசு மானியம் ஆகிவிடும் என்று ஐரோப்பிய ஆணையம் குறுக்கே நிற்க, கடைசியில் 2011-இல் 26.5 கோடி பவுண்டுக்கு பெட்ஃபிரெட் என்ற பந்தய நிறுவனம் வாங்கியது. கூடவே, இப்படிப் பணத்தை ஒன்றாகச் சேர்த்துப் பந்தயம் நடத்த 7 ஆண்டுத் தனி உரிமை. அந்தக் கெடு முடிந்தபின், 2019-இல், பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் பலர் சேர்ந்த ஒரு குழு டோட்டைத் தன் கைக்காசு போட்டு வாங்கியது. தங்களுக்கு வரவேண்டியதைத் தாங்களே விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் பந்தயக் குதிரை ஊரான நியூமார்க்கெட்டில் இருட்டு விலகும் முன்பே லாயத்து வேலை தொடங்கிவிடும். முள்கரண்டியால் ஈர வைக்கோலை வாரித் தள்ளுவண்டியில் போட்டு, ஒவ்வொரு குளம்பாகத் தூக்கி, உள்ளே அப்பிய மண்ணைக் கொக்கியால் சுரண்டி எடுத்து, அப்புறம்தான் சேணம் பூட்டுவார்கள். ஜெயித்த பரிசில் ஒரு சிறு பங்கு இந்த லாய ஊழியர்களுக்கும் சேரும். பரிசுப் பணம் இளைத்தால் முதலாளி குதிரையை விற்பார். அடுத்து போவது இவர்கள் வேலை.

அப்படியானால் எது காப்பாற்றும்? யார் பந்தயப் பணம் வாங்கினாலும், ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு பங்கு தந்தே ஆகவேண்டும் என்ற சட்டம். பிரிட்டனில் 1961 முதலே பந்தயம் வாங்கும் வியாபாரிகளான புக்மேக்கர்களிடம் பந்தயத் துறைக்காக வசூலிக்கும் தீர்வை உண்டு. ஆனால் பெரிய புக்மேக்கர்கள் இணையத் தொழிலைப் பிரிட்டனுக்கு வெளியே உள்ள ஜிப்ரால்டருக்குக் கொண்டு போனதும் அது அவர்களைத் தொடவில்லை. அதே குதிரை, அதே ஓட்டம், பணம் மட்டும் வெளியே. 2016-17-இல் வசூல் 5 கோடி பவுண்டை ஒட்டித்தான் இருந்தது. 2017 ஏப்ரலில் சட்டத்தை மாற்றினார்கள்: நிறுவனம் எங்கே இருந்தாலும் சரி, பிரிட்டன் வாடிக்கையாளர் பிரிட்டன் ஓட்டத்தில் கட்டும் பணத்தில், ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில் 10 சதவீதம். முதல் 5 லட்சம் பவுண்டுக்கு மட்டும் விலக்கு. அடுத்த ஆண்டே வசூல் சுமார் 9.5 கோடி! விற்பனைப் பணத்தில் பாதி என்ற வாக்குறுதியால் இப்படி ஆண்டுதோறும் பணம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. விக்டோரியா 1994-இலும் நியூ சவுத் வேல்ஸ் 1998-இலும் டோட் மாதிரியான தங்கள் அரசுப் பந்தய நிறுவனங்களான டேப்களை விற்றன. தனியார் கைக்குப் போன நிறுவனம் பந்தயத் துறைக்குப் பங்கு தர ஒப்பந்தம் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டுப்படுத்தும். வேறொரு ஆட்சிப் பகுதியில் உள்ள டார்வினில் உரிமம் எடுத்து நாடு முழுக்கப் பந்தயம் வாங்கிய புதிய புக்மேக்கர்களைக் கட்டுப்படுத்தவில்லை. நியூ சவுத் வேல்ஸ் 2008-இல் விழித்துக்கொண்டது: எங்கள் ஓட்டப் பட்டியலைப் பயன்படுத்தினால், வாங்கும் மொத்தப் பந்தயத்தில் 1.5 சதவீதம் கட்டு. இணையப் பந்தய நிறுவனமான பெட்ஃபேர் வழக்குப் போட்டது. 2012-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் கட்டணம் செல்லும் என்றது. விற்று 14 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பணம் உறுதியானது.

மேற்கு ஆஸ்திரேலியா தன் டேப்பை விற்க முயன்று கைவிட்டது. இனி எந்த அரசு இப்படி விற்க நினைத்தாலும், ஏலம் அறிவிக்கும் முன்பே அந்தக் கட்டணத்தைச் சட்டமாக்கிவிட வேண்டும்; வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு விலை சொல்லட்டும். விலை கொஞ்சம் குறையும். குறையட்டும்.