மீன்தொட்டியிலும் வாசலிலும் போட்ட அலங்காரக் கற்களில் படியும் பாசியை எப்படி நீக்குவது?

தொட்டிக் கல்லை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நான் சூடு பட்டேன்.

மூன்றடித் தொட்டி. கூழாங்கல் எல்லாம் பச்சை பிடித்துவிட்டதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் பக்கெட்டில் அள்ளி, குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். கல் பளபளத்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் கஞ்சி போலக் கலங்கிவிட்டது. கோல்டுஃபிஷ் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா கற்களின் மேலும் குடியிருக்கும். பாசியோடு அதையும் குளோரின் தண்ணீரில் கழுவிக் கொட்டியிருக்கிறேன். பாதித் தண்ணீரை மாற்றியும் ஒன்றுதான் பிழைத்தது.

இப்போதெல்லாம் தண்ணீர் மாற்றும்போது, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே கால்வாசிக் கற்களை மட்டும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறேன். மீதி அடுத்தடுத்த வாரம். சோப்பு கிட்டவே வரக்கூடாது. கல்லைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். புதுத் தொட்டியில் பழுப்பாகப் படிவது டயட்டம் என்ற நுண்பாசி. விரலால் துடைத்தாலே போய்விடும், சில வாரங்களில் தானாகவே குறையும். கறுப்புத் தாடி மாதிரி முளைப்பதுதான் தொல்லை. அந்தக் கல்லை வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி ஐந்து நிமிடம் வைத்து அலசிப் போடுங்கள். மருந்துக்கடை பாட்டிலில் 6 என்று இருந்தால் சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும். தாடி சில நாளில் சிவந்து உதிரும்.

கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று விரல் நீளச் சக்கர் மீனைத் தள்ளிவிடுவார்கள். வாங்காதீர்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும், அப்புறம் ஏரியில் கொண்டுபோய் விடத் தோன்றும். அப்படி விட்டதெல்லாம் பெருகி இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. பாசி தின்ன நெரைட் நத்தை நல்லது. நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது, கூட்டம் சேராது.

வாசல் கல்லுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். பிரஷ்ஷால் தேய்த்து, மாடியில் இரண்டு நாள் வெயிலில் பரப்பினாலே பாதி வேலை முடிந்தது. போகாததைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, செடிப் பக்கம் போகாமல் கழுவிவிடுங்கள். அதோடு ஆசிட், வினிகர் எதையும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். வெள்ளை மார்பிள் கல்லென்றால் தனி ஆசிட்டும் ஆகாது. நான் பாத்ரூம் ஆசிட் ஊற்றிப் பார்த்தேன்: புசுபுசுவென்று நுரைத்தது, காய்ந்த பிறகு சுண்ணாம்புக் கட்டி மாதிரி சொரசொரப்பாகிவிட்டது.

எப்படிக் கழுவினாலும் ஈரமும் வெளிச்சமும் இருந்தால் பாசி திரும்பி வரும். தொட்டி விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள், ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி வேண்டாம், தீனியையும் குறையுங்கள். எங்கள் வாசலில் ஒரு மூலைக் கல் மட்டும் மாதாமாதம் வழுக்கியது. மேலே நிமிர்ந்து பார்த்தால் ஏசி குழாய். சொட்டுச் சொட்டாக அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு பக்கெட் வைத்தேன். அந்தத் தண்ணீரில்தான் இப்போது வாசல் கழுவுகிறோம்.