இலாகாவா, வாரியமா, கம்பெனியா? கூட்டரசு அமைப்புகள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் கூட்டரசு (மத்திய) அரசாங்கத்தின் கணக்குப் பிரிவில் 33 வருஷம் வேலை பார்த்தேன். பாதி ஓர் அமைச்சில், பாதி ஒரு வாரியத்தில். இப்போது பினாங்கில் ஓய்வில் இருக்கிறேன். எந்த மேசைக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியாமல் நம் மக்கள் அலைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

அக்கா, என் மகளுக்கு இ.பி.எஃப்-இல் (ஊழியர் சேமநிதி வாரியம்) வேலை கிடைத்திருக்கிறது. எஸ்.பி.ஏ. (பொதுச் சேவை ஆணையம்) வழியாகப் போகவில்லை. அது அரசாங்க வேலைதானா? (பாயான் பாருவில் ஓர் அப்பா)

வாழ்த்துகள். பொதுத்துறை வேலைதான். ஆனால் அமைச்சில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைப் போன்ற அரசாங்க ஊழியர் அல்ல. அரசியலமைப்புச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு பொதுச் சேவைகள் எவை என்று பட்டியல் போடுகிறது. இ.பி.எஃப் அந்தப் பட்டியலில் இல்லை. 1951-இல் தொடங்கிய அந்த நிதி இன்று 1991-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. ஆள் எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் வாரியமே. எஸ்.பி.ஏ.வுக்கு அங்கே வேலை இல்லை.

இலாகாவுக்கும் வாரியத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் நிதி அமைச்சரின் கீழ்தானே இருக்கின்றன? (ஜார்ஜ்டவுன் கணக்காளர் ஒருவர்)

நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சுங்கமும் வருமான வரியும். இரண்டுமே வரி வசூலிக்கின்றன, இரண்டும் நிதி அமைச்சருக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் சுங்கம் இன்றும் இலாகா. அதிகாரிகளை எஸ்.பி.ஏ. நியமிக்கிறது, எத்தனை பதவி என்பதற்குப் பொதுச் சேவை இலாகாவான ஜே.பி.ஏ.வின் ஒப்புதல் வேண்டும், மேசை நாற்காலி வாங்குவதற்குக்கூட வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம்தான். இலாகாவுக்குச் சட்டப்படி தனி உடல் கிடையாது. அது அரசாங்கத்தின் ஒரு கை.

வருமான வரியும் அப்படித்தான் இருந்தது. 1996 மார்ச் 1-ஆம் தேதி அது எல்.எச்.டி.என். (உள்நாட்டு வருமான வரி வாரியம்) என்று தனிச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியமானது. தன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், ஆள் எடுக்கலாம். ஆனால் வசூலிக்கும் வரி அதனுடையது அல்ல. அரசாங்கத்தின் முகவராக வசூலித்து, அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த நிதியில் சேர்த்துவிட்டு, அந்த வேலைக்குக் கட்டணம் பெறுகிறது.

தனிச் சட்டம் இருந்தால் வாரியம் இஷ்டப்படி நடக்கலாமா? யார் கேட்பது?

நடக்க முடியாது. முதலில், அதன் சொந்தச் சட்டம். பொதுவான தன்மை கொண்ட உத்தரவுகளை அமைச்சர் கொடுக்கலாம் என்று பெரும்பாலான வாரியச் சட்டங்களில் ஒரு வரி இருக்கும். இன்னாருக்கு இந்தக் குத்தகையைக் கொடு என்று சொல்வதற்கு அது இடம் தராது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் எத்தனையோ நல்ல அதிகாரிகள் தொலைபேசி உத்தரவுக்குப் பணிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது.

இரண்டாவது, எல்லாக் கூட்டரசு வாரியங்களுக்கும் பொதுவான சட்டங்கள். 1980-ஆம் ஆண்டின் 240-ஆவது சட்டம் கணக்கையும் ஆண்டறிக்கையையும் கட்டாயமாக்குகிறது. தலைமைக் கணக்காய்வாளர் பார்த்த பிறகு அவை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் 605-ஆவது சட்டம் ஒழுங்கு நடவடிக்கைக்கானது. அலட்சியத்தால் பணம் போனால் அந்த ஊழியரிடமிருந்தே ஈடு வாங்கவும் அதில் வழி உண்டு. வாரியத்தை நடத்தும் இயக்குநர் குழுவில் வழக்கமாக நிதி அமைச்சின் ஆள் ஒருவர் இருப்பார். என் அனுபவத்தில் கூட்டங்களில் உண்மையான பிரேக் அவர்தான்.

டி.என்.பி. (மின்சார நிறுவனம்), பெட்ரோனாஸ் (எண்ணெய் நிறுவனம்) எல்லாம் அரசாங்கமா, தனியாரா? (பட்டர்வொர்த்)

கம்பெனிகள். கம்பெனிச் சட்டத்தின்படி பதிவானவை. பங்கு யார் கையில் என்று பார்த்தால் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். டி.என்.பி. 1990 செப்டம்பர் 1 வரை எல்.எல்.என். என்ற தேசிய மின்சார வாரியம். இன்று பங்குச்சந்தையில் இருந்தாலும், பெரிய பங்குதாரர்களில் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான கஸானாவும் இ.பி.எஃப்-உம் உண்டு. அதோடு நிதி அமைச்சரின் பெயரில் ஒரு சிறப்புப் பங்கும் இருக்கிறது. ‘நிதி அமைச்சர்’ என்ற பதவியே 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறது. ஆள் மாறினாலும் பங்கு அங்கேயே இருக்கும்.

பெட்ரோனாஸ் தனி வகை. 1974-இல் கம்பெனியாகப் பதிவானாலும், அதே ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய் வளத்தை அதன் கையில் ஒப்படைத்து, அதைப் பிரதமரின் கட்டுப்பாட்டில் வைத்தது.

எங்கள் தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகுகிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் போனால் ‘இது என் கையில் இல்லை’ என்கிறார். ஜே.பி.என். பினாங்கு (மாநிலக் கல்வி இலாகா) என்றால் மாநில அரசாங்கம்தானே, டீச்சர்? (செபராங் பிறை பெற்றோர்)

நான் டீச்சர் இல்லை, இருந்தாலும் இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். பெயரில் ‘மாநிலம்’ இருந்தாலும் மாநிலக் கல்வி இலாகா மாநில அரசாங்கத்துடையது அல்ல. அது புத்ராஜெயாவில் இருக்கும் கல்வி அமைச்சின் கிளை. கல்வி, அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியும் இதே மாதிரி, சுகாதார அமைச்சின் கீழ்.

ஆனால் பள்ளி நிற்கும் நிலம்? நிலம் மாநிலப் பட்டியலில். வாசலில் அடைத்துக்கொண்ட சாக்கடை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு, அது மாநிலத்தின் கீழ். ஆசிரியரை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். ஒரு பள்ளி வாசலில் நான்கு கைகள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்காக எட்டு மாதம் கடிதம் எழுதினோம். கட்டடம், நிலம், சாக்கடை மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டோம். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டியது. பிள்ளைகள் அந்த எட்டு மாதமும் வாளி வைத்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கூரைக்கு ஒரு கடிதம், பள்ளி நிர்வாகத்தின் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு, நகல் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும். நில விஷயத்துக்குத் தனிக் கடிதம், அங்கேதான் சட்டமன்ற உறுப்பினர் உதவ முடியும்.

இந்தியச் சமுதாயத்துக்கான உதவிப் பிரிவான மித்ரா ஏன் அமைச்சு மாறிக்கொண்டே இருக்கிறது?

ஏனென்றால் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. செடிக் என்று பிரதமர் துறையில் தொடங்கி, 2018-இல் மித்ரா என்று பெயர் மாறி, ஒற்றுமைத்துறை அமைச்சுக்குப் போய், பிறகு மறுபடி பிரதமர் துறைக்கு வந்தது. சட்டத்தில் பிறக்காத பிரிவை நிர்வாக முடிவு ஒன்றே இடம் மாற்றிவிடும். நம் சமுதாயத்துக்கான பணம் இப்படிப் பெட்டி படுக்கையோடு அலைவது எனக்கு மனவருத்தம். தனிச் சட்டமும், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகும் அறிக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்.பி.ஆர்.எம். (ஊழல் தடுப்பு ஆணையம்), தேர்தல் ஆணையம், தலைமைக் கணக்காய்வாளர்: மூன்றும் ஒரே மாதிரி சுதந்திரமானவையா? (கோலாலம்பூர் சட்ட மாணவி)

இல்லை தங்கச்சி. தேர்தல் ஆணையம் அரசியலமைப்பின் 114-ஆவது பிரிவிலும், தலைமைக் கணக்காய்வாளர் 105-ஆவது பிரிவிலும் இருக்கிறார்கள். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவர்களை நீக்க முடியும். எஸ்.பி.ஆர்.எம். 2009-ஆம் ஆண்டின் சாதாரணச் சட்டத்தில் பிறந்தது. அதன் தலைமை ஆணையரை மாமன்னர் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார், பதவியில் நீடிப்பதும் அதே ஆலோசனையைப் பொறுத்தது. ஊழலை விசாரிக்கும் பதவிக்கு இந்த அளவு பாதுகாப்பு போதாது என்பது என் உறுதியான கருத்து.

டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகர மன்றம்) மட்டும் ஏன் தேர்தலும் இல்லாமல் மாநிலமும் இல்லாமல்?

நாட்டில் எங்கும் இன்று நகராண்மைத் தேர்தல் இல்லை. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-இல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து அதற்கு மேலே மாநில அரசாங்கம் கிடையாது. டத்தோ பண்டார் (மேயர்) கூட்டரசின் நியமனம். உங்கள் தெருவிளக்குக்கு முதலில் டி.பி.கே.எல்.லுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள், கோலாலம்பூரில் சட்டமன்ற உறுப்பினரே கிடையாது.