சொரியாசிஸுக்குப் போடும் பயோலொஜிக் ஊசி ஸ்டீரொய்டா?

கல்முனையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: அம்மாவின் சொரியாசிஸ் தோல்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் குளிசை சரிவரவில்லை, டொக்டர் பயோலொஜிக் ஊசி என்கிறார், அது ஸ்டீரொய்டுதானே?

இல்லை தம்பி. ஸ்டீரொய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் அமத்தும். பயோலொஜிக் என்பது உயிர்க்கலங்களில் வளர்த்தெடுக்கும் புரதம். குறிவைத்து ஒன்றை மட்டும் பிடிக்கும். சாதாரணமாகத் தோல் புதுப்பிக்க ஒரு மாதமளவு எடுக்கும். சொரியாசிஸில் எதிர்ப்புச் சக்தி தவறான செய்தி அனுப்புவதால் நாலைந்து நாளிலேயே புதுத்தோல் வந்து செதிலாகக் குவியும். அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 17, 23 போன்றவற்றைத்தான் ஊசி மறிக்கிறது. இந்த ஊசிகளில் அடலிமுமாப் வழமையாக 2 கிழமைக்கு ஒருக்கா. உஸ்டெகினுமாப் முதல் 2 ஊசிக்குப் பிறகு 12 கிழமைக்கு ஒருக்கா.

போட முதல் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உள்ளே உறங்கும் கிருமியை, முக்கியமாக டிஎன்எஃப் மறிக்கும் ஊசி, எழுப்பிவிடலாம். ஹெப்படைட்டிஸ் பி-யும் பார்ப்பார்கள். இடையில் காய்ச்சல், விடாத இருமல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கோ. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளும் கூடாது.

ஊசியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேணும், உறையவிடக் கூடாது. மட்டக்களப்பில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தால், நம்மட வெயிலுக்கு ரெஜிபோம் பெட்டி வேணும். ஐஸ் ஊசியில் முட்டாமல் துணி சுற்றுங்கோ.

நோய் அடியோடு போகாது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். விலையும் கூட, அதனால் பயோசிமிலர், அதாவது அதே மருந்தைப் போல வேறு கம்பனி செய்யும் ஊசி, கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கோ. இறால், கத்தரிக்காய் கரப்பன் என்று அம்மாவைப் பட்டினி போடாதீங்கோ.