வாடகையில்லாத வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. காரைக்குடியில் இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 9,000 ரூபாய். சுப்பிரமணியபுரத்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள மாடிப் போர்ஷனுக்கு 4,500 ரூபாய் வாடகை தருகிறேன். கரண்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் தனி. தை மாதத்திலிருந்து வாடகை 5,500 ரூபாய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இந்நிலையில், கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஊரில், சென்னையில் குடியிருப்பவர்களின் பழைய வீட்டில், பின்கட்டில் வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம், வீட்டைப் பெருக்கிச் சாமி அறையில் விளக்கேற்றினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கடை இரவு 9 மணிக்குத்தான் அடைப்பார்கள். ரேஷன் அட்டையில் என் பெயர் தேவகோட்டை அண்ணன் வீட்டு அட்டையிலேயே இருக்கிறது. நான் போகலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் ‘போதும்’ என்ற சொல்லைத்தான் இரண்டு முறை படித்தேன். செட்டிநாட்டுப் பெரிய வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவர் எவரும் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார். முகப்புத் திண்ணை ஒரு தெருவில் இருக்கும். வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கடந்துபோனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதை ஒருவர் ஒரே நாளில் பெருக்கி முடிக்க இயலாது. முடித்தாலும், முதலில் பெருக்கிய இடத்தில் அதற்குள் வௌவால் எச்சம் விழுந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியைச் சருகு அடைத்துக்கொண்டால், இரவு எந்நேரமானாலும் இறங்கி அதை எடுத்துவிட வேண்டியவர் நீங்கள்தான். ஓடு நகர்ந்து எங்காவது ஒழுகினால் சென்னைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. இது காவற்காரர், வேலைக்காரர் ஆகிய இருவரின் வேலை. அதற்குக் கூலியாக ஓர் அறையைத் தருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பிறகு யோசியுங்கள். தானமாகத் தருகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது, அந்த வீடு யாருடையது என்பது. இத்தகைய வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்கு உரியவை அல்ல. அண்ணன் தம்பி வழியில் பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒரு பங்காளி வாய்வார்த்தையாக உங்களை வைப்பார். மாசி மகா சிவராத்திரிக்கோ ஒரு திருமணத்துக்கோ வந்திறங்கும் இன்னொரு பங்காளி, ‘நீ யார்?’ என்று கேட்பார். அப்போது காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு துண்டுத் தாளும் இருக்காது. வாடகை கொடுக்காமல் இருப்பவருக்கு வாடகைதாரர் என்ற பெயர்கூடக் கிடைக்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இனிப் பேருந்து. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் கானாடுகாத்தான் பக்கம் திருச்சி சாலையில் ஓடும் வெளியூர்ப் பேருந்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரவு 9 மணிக்குக் கடை அடைத்தபின் உங்களுக்குக் கிடைப்பது எந்தப் பேருந்து, அது உங்களை ஊருக்குள் விடுமா, விலக்கில் இறக்கிவிடுமா என்பதை வேறு எவர் சொல்லியும் நம்ப வேண்டாம். ஒரு நாள் வேலை முடிந்ததும் நீங்களே ஏறிப் போய்ப் பாருங்கள். விலக்கில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டியிருந்தால் இந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

ஆகவே, போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இருக்கும் இடத்தில் 5,500 ரூபாய் கொடுத்து இருங்கள் என்றும் சொல்லமாட்டேன். பல்கலைக்கழகமும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் கல்லூரிகளும் இருக்கிற ஊரில் வாடகை ஏற்கெனவே கூடுதல். 2024-இல் மாநகராட்சி ஆனபின், ‘இப்போது இது மாநகராட்சியம்மா’ என்பது வீட்டுக்காரர்களின் வாயில் ஒரு வசனமாகவே ஆகிவிட்டது. 9,000 ரூபாயில் 5,500 ரூபாய் போனால் மீதி 3,500 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு விளக்கு நான்கு பேருக்கும் எரிகிறது. உங்கள் வீட்டில் அது உங்கள் ஒருவருக்காகவே எரிகிறது. தனியே இருப்பவரின் செலவு நான்கில் ஒரு பங்காகக் குறைவதில்லை. எனவே, பங்கு போட முடியாத செலவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, மிக்ஸி என்று இருக்கும் ஒற்றை ஆளுக்கு அந்த 100 யூனிட்டைத் தாண்டுவது அரிது. உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் கட்டணமே வராது. இப்போதோ, உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் 90 யூனிட் ஓடினால் 720 ரூபாய், அதாவது மாதம் 360 ரூபாய். வாடகை 300 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி இணைப்புள்ள வீடு உங்களுக்கு லாபமே. வீடு பார்க்கப் போகும்போது அறையின் அளவைக் கேட்பதற்கு முன் மீட்டர் பெட்டியைக் கேளுங்கள்.

ரேஷன் அட்டையைப் பற்றி ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே பெரிய செய்தி. அண்ணன் அட்டையில் பெயர் இருக்கும்வரை அரிசியும், 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும், 25 ரூபாய்க்குப் பாமாயிலும் தேவகோட்டையில் இறங்குகின்றன. நீங்கள் காரைக்குடி மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். அந்த 1,000 ரூபாய் உங்கள் அண்ணியின் கணக்குக்குப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தனியே வாழும் கைம்பெண் தன் அட்டைக்குத் தானே குடும்பத் தலைவி. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் என்ற வரம்புக்குள்ளும் நீங்கள் வருகிறீர்கள். அண்ணன் அட்டையிலிருந்து பெயரை நீக்கி, இப்போதைய முகவரியில் புதிய அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தனிச் சமையல் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். அண்ணனுக்கு மனவருத்தம் வரலாம். பெயர் நீக்கத்தை வழங்கல் அலுவலகத்திலிருந்து வரும் செய்தியாக அவர் அறிவதைவிட, நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

கடையில் அத்தனை பேர் வேலை செய்வதால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது மாதம் சுமார் 68 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இல்லையென்றால் கணக்கரிடம் காரணம் கேளுங்கள்.

வீட்டைக் கோட்டையூர், கண்டனூர், புதுவயல் பக்கம் தேடுங்கள். நகரப் பேருந்து போகும் ஊர்களாகவே பாருங்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்று சிலர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். உங்கள் கடையிலேயே உங்களைப் போல் தனித்து இருக்கும் ஒருவர் இருந்தால், இரண்டு அறை உள்ள வீட்டை இருவருமாக எடுத்து, அடுப்பைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். எந்த வீடானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதைத்தான் கேட்கிறது. வேறாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலிசெய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும். வாடகைத் தகராற்றில் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. இப்போதைய வீட்டுக்காரரிடமும் ஒருமுறை பேசிப் பாருங்கள்; ஆறு மாதம் காலியாகக் கிடக்கும் போர்ஷனைவிட 4,800 ரூபாய் தரும் குடித்தனக்காரர் மேல் என்பதை அவரும் அறிவார்.

கேள்வி: எனக்கு 71 வயது. பள்ளத்தூரில் ஐந்து பங்காளிகளுக்கு உரிய வீட்டில், எங்கள் பங்குக்குரிய அறைகளில் தனியே இருக்கிறேன். வட்டியாக மாதம் 7,000 ரூபாய்தான் வருகிறது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நான் பெரிய வீட்டு ஆச்சி. ஓடு மாற்ற வருபவர் கேட்கும் கூலியும் அந்தக் கணக்கில்தான். பின்கட்டில் வேலைக்குப் போகும் பெண் ஒருவரைக் குடிவைக்கலாம் என்றால் பங்காளிகள் ஆட்சேபிக்கிறார்கள்.
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி அவர்களுக்கு, பங்காளிகளின் அச்சம் வரப்போகும் பெண்ணைப் பற்றியது அல்ல, ஒருமுறை குடிவைத்தவரை எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்பதைப் பற்றியது. எந்தெந்த அறை, எத்தனை மாதம், எவ்வளவு வாடகை என்று எழுதி, சம்மதம் என்று அந்த நால்வரின் கையெழுத்தையும் வாங்கிப் பதிவு செய்துவிட்டால் அந்த அச்சத்தில் பாதி குறைந்துவிடும். கையெழுத்து வராமல் குடிவைக்க வேண்டாம். பிறகு அலைபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மின்சாரத்துக்கு வாரியத்தில் நீங்கள் கட்டுவதில் அவர் பங்கை மட்டும் வாங்குங்கள். கல்யாணம், சாந்தி (மணிவிழா), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வீடு நிறையும் நாட்களில் அவர் பின்வாசல் வழியாகப் போய்வர வேண்டும் என்பதையும், கிணறும் குளியலறையும் அப்போது யாருக்கு எந்நேரம் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். முதல் கேள்வியை எழுதிய வாசகிக்கு உங்கள் முகவரியைத் தருவது இந்தப் பகுதியின் வழக்கம் இல்லை. புதுவயல் பேருந்து நிறுத்தத்து மளிகைக் கடையில் சொல்லி வைத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் யாராவது விசாரித்து வருவார்கள்.