டர்போபிராப் (டர்பைனால் புரொப்பெல்லரைச் சுற்றும் எஞ்சின்) ஸ்டார்ட்: பேட்டரியா, ஜி.பி.யூ.வா (தரையிலிருந்து விமானத்துக்கு மின்சாரம் தரும் கருவி)?

கேள்வி: செஸ்னா கேரவன் விமானத்தில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் எஞ்சின் சுற்றுகிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இறங்கிய பேட்டரியில் கார் கிளம்பாது, அவ்வளவுதான். டர்பைனோ பற்றிக்கொள்ளும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தீயின் சூட்டைத் தணிக்கும் காற்றைக் கம்ப்ரஸர் தருகிறது. ஆரம்பத்தில் அதைச் சுற்றுவது ஸ்டார்ட்டர் மட்டுமே. சுற்று தளர்ந்தால் காற்று குறையும், எரிபொருள் மிஞ்சும், டர்பைன் பிளேடுகள் வெந்துபோகும். இதைத்தான் ஹாட் ஸ்டார்ட் என்கிறோம்.

பேட்டரி சுவிட்சைப் போட்டதும் வோல்ட்மீட்டரைப் பாருங்கள். 24 வோல்ட்டாவது இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரைப் போட்டு, என்.ஜி. (கேஸ் ஜெனரேட்டரின், அதாவது எஞ்சினில் கம்ப்ரஸரைச் சுற்றும் பகுதியின் வேகம்) 12 சதவீதத்தைத் தாண்டி நிலைத்த பிறகே கண்டிஷன் லீவரை (எரிபொருளைத் திறந்து மூடும் லீவர்) லோ ஐடிலுக்குத் தள்ளுங்கள். கையை லீவரிலிருந்து எடுக்காதீர்கள், கண்ணை ஐ.டி.டி. (டர்பைனுக்குள் இருக்கும் வெப்பநிலை) மீட்டரிலிருந்து எடுக்காதீர்கள். கேரவனின் பி.டி.6ஏ-114ஏ எஞ்சினுக்கு ஸ்டார்ட்டின்போது உச்ச வரம்பு 1090 டிகிரி செல்சியஸ், அதுவும் 2 விநாடிதான். முள் அந்தப் பக்கம் விரைந்தால், தொடும்வரை காத்திருக்காமல் லீவரைக் கட்-ஆஃபுக்கு (எரிபொருளை நிறுத்தும் நிலை) இழுங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தாதீர்கள். உள்ளே தேங்கிய சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து அணைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

10 விநாடிக்குள் தீப்பிடிக்காவிட்டாலும் கட்-ஆஃப்தான். உள்ளே இறங்கிய எரிபொருள் வடியட்டும். பிறகு எரிபொருளும் இக்னிஷனும் இல்லாமல் வெறுமனே சுற்றிவிட்டு அடுத்த முயற்சிக்குப் போங்கள்.

கேள்வி: ஜி.பி.யூ. போட்டால் ஸ்டார்ட்டர் நேரம் 20 விநாடிதான் என்கிறார்கள். பேட்டரிக்கு 30 விநாடி. ஏன்?

பதில்: பாரம் ஏறும்போது பேட்டரியின் வோல்டேஜ் தானாகச் சரியும், கரன்ட்டும் அடங்கும். ஜி.பி.யூ. 28 வோல்ட்டை விடாமல் பிடித்திருப்பதால் ஸ்டார்ட்டருக்குள் சூடு அதிகம். அதனால் கேரவனில் பேட்டரி என்றால் 30 விநாடி ஓட்டம், 60 விநாடி ஓய்வு. மூன்று முறைக்குப் பின் 30 நிமிடம் ஓய்வு. ஜி.பி.யூ. என்றால் 20 விநாடி ஓட்டம், 120 விநாடி ஓய்வு. மூன்று முறைக்குப் பின் 60 நிமிடம் ஓய்வு. ஜி.பி.யூ.வின் திறன் 800 ஆம்பியருக்குக் குறையக் கூடாது, 1700-ஐத் தாண்டவும் கூடாது. நடுவில் அது நின்றுபோனால் பேட்டரிக்கு மாறி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். எரிபொருளை உடனே நிறுத்துங்கள்.

முழுதாகச் செத்த பேட்டரிக்கு ஜி.பி.யூ. மருந்தல்ல. கிளம்பியதும் ஜெனரேட்டர் அதற்குள் பெருங்கரன்ட்டைத் திணிக்கும். நிக்கல்-காட்மியம் பேட்டரி என்றால் கட்டுமீறிச் சூடேறும். கழற்றி, வெளியே சார்ஜ் செய்து மாட்டுங்கள்.

கேள்வி: இன்னொரு டர்போபிராப் வகையான டி.பி.இ.331 எஞ்சினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மின்சாரம்?

பதில்: பி.டி.6-இல் ஸ்டார்ட்டர் கேஸ் ஜெனரேட்டரை மட்டும் சுற்றினால் போதும். டி.பி.இ.331-இல் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே கோவை. கியர்பாக்ஸையும் புரொப்பெல்லரையும் சேர்த்தே இழுக்க வேண்டும். அதனால்தான் சில விமானங்களில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்துக் கிளப்புகிறார்கள். புரொப்பெல்லர் பிளேடுகள் ஸ்டார்ட் லாக்கில் (பிளேடைத் தட்டையாகப் பிடித்துவைக்கும் பூட்டு) தட்டையாக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். லாக் விழாவிட்டால் பிளேடு காற்றைக் கடிக்கும், சுற்று திணறும், வெப்பம் ஏறும். பவர் லீவரை ரிவர்ஸில் வைத்து, அன்ஃபெதர் பம்பை (பிளேடின் கோணத்தை மாற்றும் எண்ணெய் பம்ப்) ஓட்டி, லாக் விழுந்த பிறகு ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.