கரையில் கிடக்கும் பாசி எத்தனை நாள் பழசு?

வாசகர் கேள்வி – பதில்: கடலும் பயணமும்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கோவையிலிருந்து மேற்கே கொச்சிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர், கிழக்கே ராமேசுவரத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு தூரம் பிள்ளை குட்டிகளோடு போய், கரை முழுக்கப் பாசி ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கால்கூட நனைக்காமல் திரும்புவது பெரிய ஏமாற்றம். பாசி பற்றி மட்டும் வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பல்லடம் வாசகர்: *வணக்கமுங்க. போன வருசம் ஜூன் மொத வாரம் பாம்பன் பக்கம் போயிருந்தோம். கரையெல்லாம் பழுப்பா பாசி, ஒரே நாத்தம். குளிக்காமயே வந்துட்டோம். இந்தத் தடவை எந்த மாசம், எந்தக் கரைக்குப் போனாத் தப்பிக்கலாமுங்க?*

மாதத்தை விடக் காற்றைப் பாருங்கள். ராமேசுவரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்கள் வடகடல், தென்கடல் என்றே சொல்வார்கள். ஆடி மாதம் தாராபுரம், உடுமலை காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே தென்மேற்குக் காற்றுதான் தென்கடலையும் கிளப்பிவிடுகிறது. அவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், வேர்போன்ற பிடிப்பால் ஒட்டி வளரும் கட்டக்கோரை, பக்கடாப் பாசி எல்லாம் அலையில் பிய்ந்து கரைக்கு வருகின்றன. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கட்டக்கோரையாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் இப்படித்தான். அந்த மாதங்களில் வடகடல் அடங்கிக் கிடக்கும். அப்போது உச்சிப்புளிக்குப் பக்கத்தில் உள்ள அரியமான் கரை பொருத்தம்.

ஐப்பசிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். வாடைக் காற்று வடகடலைக் கலக்கும், தென்கடல் தணியும். பொங்கல் விடுமுறையில் அரியமானில் குளிக்கலாம் என்று திட்டம் போட்டுப் போனால் கலங்கல் நீரும் கடல்புல்லும்தான் எதிர்கொள்ளும். இரண்டு கடலுக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. ஆகவே தங்கும் அறையை மண்டபம், பாம்பன் வட்டாரத்தில் போட்டுக்கொண்டு, காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கரையை முடிவு செய்யுங்கள். காற்று உங்கள் முதுகில் பட்டுக் கடலை நோக்கிப் போகும் கரையில் பாசி குறைவாக இருக்கும். ஆனால் அதே காற்று ரப்பர் வளையத்தையும் மிதவையையும் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கரையில் குழந்தைகளிடம் காற்றடைத்த எதையும் கொடுக்காதீர்கள். பாசியே இல்லாமல் பளிச்சென்று இருந்தாலும் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடம், இழுப்பு மிகக் கடுமை. அங்கே குளிக்கத் தடை உண்டு.

கோபிசெட்டிபாளையம் வாசகி: *பாசி இருந்தா இறங்கவே கூடாதா? உடம்புக்கு என்ன ஆகும்?*

பாசி கிடப்பதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. அது எத்தனை நாள் பழசு என்று பாருங்கள்.

ஒரு கொத்தைக் கையில் எடுங்கள். இன்றோ நேற்றோ வந்தது என்றால் தேன் கலந்த பழுப்பு நிறத்தில், மடக்கினால் நிமிரும். இலைகளுக்கு நடுவே மிளகிலிருந்து பட்டாணி வரையிலான அளவில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். அவை காற்றுப் பைகள். நகத்தால் அழுத்தினால் டப்பென்று உடையும். அந்தக் கொத்தை ஒரு வெள்ளைத் தட்டிலோ வாளியிலோ உதறினால் பொடி நண்டும் இறாலும் விழும். வாசனை வெறும் கடல் வாசனையாக இருக்கும். இது தீங்கற்றது. மெல்லிதாகச் சிதறிக் கிடந்தால் ஒதுக்கிவிட்டு இறங்கலாம்.

இரண்டு நாள் வெயிலில் குவிந்து கிடந்தது வேறு கதை. மேலே காய்ந்து கறுத்த பட்டை, அடியில் கொழகொழவென்று சேறு. மேல்பட்டையை நம்பிக் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், அதுதான் அழுகிய முட்டை நாற்றம். கண் எரியும், தொண்டை கரகரக்கும், தலை வலிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் அந்தக் கரையில் உட்காரவே கூடாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும். வாயு போயிருக்காது. கால் கொலுசு கறுத்திருக்கிறதா பாருங்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் இந்த வாயுதான்.

தோல் அரிப்புக்குப் பெரும்பாலும் பாசி காரணமில்லை, அதில் தங்கி வரும் சிற்றுயிர்களும் ஜெல்லி மீன் குஞ்சுகளும்தான். அவை துணிக்கும் தோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கொட்டும். நம் குடும்பங்கள் சுடிதார், முழுக்கை பனியன் என்று தொளதொளவென்ற துணியோடு இறங்குவதால் இந்தத் தொல்லை கூடும், பாசி சுற்றித் துணி கனக்கவும் செய்யும். உடம்பை ஒட்டிய நீச்சல் உடை நல்லது. கரையேறியதும் செய்யவேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் மறைவான இடத்தில் நனைந்த துணியைக் கழற்றிவிட வேண்டும், அதன் பிறகே நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும். துணியோடு நல்ல தண்ணீரை ஊற்றினால், மாட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் அந்த நேரம்தான் அதிகமாகக் கொட்டும். துண்டால் தேய்க்கவும் கூடாது. அந்தத் துணியைச் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் மறுபடி உடுத்த வேண்டும். தடிப்பு முகத்திலோ மூச்சிலோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று. பாசி அடர்ந்து மிதந்தால் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போகாதீர்கள். அடியில் கல்லா, பள்ளமா தெரியாது. கால் சிக்கினால் உதைக்க உதைக்க இன்னும் சுற்றும். மல்லாக்க மிதந்து, கைகளால் பாசியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே கரைக்கு வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை வீட்டுப் பக்கத்து நீச்சல் குளத்திலேயே இரண்டு முறை பழக்கிவிடுங்கள்.

திருப்பூர் வாசகர்: *பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்காங்க. நாங்க மே, ஜூன்ல அங்க போறப்ப எல்லாரும் மெக்சிகோ கான்கூன் போலாம்னு இருக்கோம். அங்க பாசி அதிகம்னு சொல்றாங்க. முன்பணம் கட்டலாமுங்களா?*

மே, ஜூன் அங்கே பாசிக்கு உச்சக் காலம். முன்பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியதுதான்.

நம் கட்டக்கோரையும் அங்குள்ள பாசியும் ஒரே சர்காசம் இனம். ஆனால் நம்முடையது பாறையில் ஒட்டி வளர்ந்து பிய்ந்து வருவது. அட்லாண்டிக்கில் உள்ள இரண்டு வகைகள் பிறந்ததிலிருந்து மிதந்தே வாழ்பவை, மிதந்தபடியே துண்டு துண்டாகப் பிரிந்து பெருகுபவை. அதனால் அதற்கு எல்லையில்லை. 2011 முதல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை கிட்டத்தட்ட ஆண்டுதோறும் ஒரு பாசிப் பட்டை உருவாகிறது. 2018 ஜூனில் அதன் நீளம் சுமார் 8,850 கிலோமீட்டர், எடை 2 கோடி டன்னுக்கு மேல். 2025 மே மாதம் 3.75 கோடி டன்னைத் தொட்டது. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்து மாதந்தோறும் நிலை அறிக்கை வெளியிடுகிறது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே மாப்பிள்ளையை அதைப் பார்த்துவரச் சொல்லுங்கள். எந்தக் கரையில் எப்போது ஒதுங்கும் என்பதை அவ்வளவு முன்பே யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு மொத்தத்தில் அதிகமா குறைவா என்பது தெரியும், திட்டம் போட அது போதும்.

தேதியை மாற்ற முடிந்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். காற்றும் நீரோட்டமும் பாசியைக் கிழக்கு பார்த்த கரையில்தான் கொண்டுவந்து கொட்டும். கான்கூன் ஓட்டல் வரிசை, பிளாயா டெல் கார்மென், துலூம் மூன்றும் கிழக்கு பார்த்தவை. எதிரே உள்ள கொசுமேல் தீவின் மேற்குக் கரையும், முஹேரஸ் தீவின் வடக்குக் கரையும் பெரும்பாலும் தப்பிவிடும். மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு இந்தப் பட்டை போகவே போகாது. கான்கூன் இருக்கும் யுகட்டான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறையில் செனோட்டே என்னும் இயற்கைக் கிணறுகள் உண்டு, அவற்றில் நன்னீர். ஊர்க் கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கரை கெட்டிருந்தால் ஒரு நாளை அங்கே கழிக்கலாம்.

ஓட்டலிடம் "பாசி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேட்கவேண்டியவை வேறு. இன்று காலை எடுத்த படம் அனுப்புவீர்களா? கடலில் மிதவைத் தடுப்பு கட்டியிருக்கிறீர்களா? காலையில் எத்தனை மணிக்கு அள்ளி முடிப்பீர்கள்? அள்ளியதை எங்கே கொட்டுகிறீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கட்டடத்துக்குப் பின்னால் குவித்து வைக்கும் ஓட்டலில் கரை சுத்தமாக இருக்கும், அறை நாறும்.

ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும் அறையாகப் போடுங்கள், நாலைந்து நாள் முன்புவரை ரத்து செய்ய வசதி இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணப் பயணக் காப்பீடு உடல்நலக் குறைவு, விமான ரத்து போன்றவற்றுக்குத்தான் பணம் தரும். கரையில் பாசி என்பதைப் பெரும்பாலும் காரணமாக ஏற்காது. எக்காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற வகைப் பாலிசி அமெரிக்காவில் தனியாக உண்டு. விலை கூடுதல், முழுத் தொகையும் திரும்பாது. குடும்பத்தோடு போகும் பயணம் என்பதால் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: *கொச்சி பக்கம் செராய் போனோமுங்க, ஆடி மாசம். கரையில பச்சைப் பசேல்னு பாசி. அதுவும் இதுதானா?*

இல்லை. தண்டு பஞ்சுபோல உப்பி, வட்ட இலையும் ஊதாப் பூவும் இருந்தால் அது கடல் பாசியே அல்ல, ஆகாயத்தாமரை. நம் சிங்காநல்லூர்க் குளத்திலும் உக்கடத்திலும் மூடிக் கிடக்கிறதே, அதேதான். மழைக் காலத்தில் வேம்பநாட்டுக் காயலிலிருந்து வெள்ளம் தள்ளிக்கொண்டு வந்து கடலில் விடும், அலை திருப்பிக் கரையில் போடும். உப்புநீர் பட்டதும் செத்துவிடும். அதோடு காயல் குப்பை, உடைந்த கண்ணாடி, சில நேரம் பாம்பும் வரும். வெறுங்காலோடு மிதிக்காதீர்கள். எப்படியும் ஆடியில் கேரளக் கடல் குளிக்க உகந்ததில்லை. மார்கழி முதல் மாசி வரை போங்கள்.

சென்னிமலை வாசகி: *அமாவாசைக்கு எங்க அமுச்சியைத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போறோம். 72 வயசு. கடல் உள்வாங்கிப் பாசிப் பாறை தெரியுதுன்னு செய்தியில வருதே, பயமா இருக்குங்க.*

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நீர் ஏறுவதும் இறங்குவதும் வழக்கத்தை விடக் கூடும். நம் தென்கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை ஆழமில்லாத இடத்தில் அதுவே நிறைய தூரம் பின்வாங்கியது போலத் தெரியும். சுனாமிக்கு அடையாளமில்லை, சில மணி நேரத்தில் நீர் திரும்பிவிடும்.

பயப்படவேண்டியது அந்தப் பச்சைப் பாறைக்கு. மெல்லிய பச்சைப் பாசி படிந்த பாறை சோப்புப் பூசிய தளம் போல வழுக்கும். ரப்பர் செருப்பும் நிற்காது. பாறை தெரியும் நேரத்தில் அமுச்சியை இறக்காதீர்கள். நீர் ஏறி மணல் தளம் மட்டும் இருக்கும் இடத்தில், முழங்காலளவில், இரண்டு பேர் இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார வைத்துச் செம்பில் மொண்டு ஊற்றுங்கள். அதற்கே பலன் உண்டு என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனைமலை வாசகர்: *ரெண்டு மூட்டை பாசியைக் காருல போட்டுட்டு வந்து தென்னைக்கு வைக்கலாமுங்களா?*

வேண்டாம். பச்சைப் பாசியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சத்தில் உப்பு. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாயும் தோப்பில் மேலும் உப்பைச் சேர்ப்பீர்கள். பழுப்புப் பாசிகள் ஆர்சனிக்கை உடம்பில் சேர்த்து வைப்பவை என்பதும் உண்டு. மூடிய காரில் எட்டு மணி நேரம் வைத்தால் வழியிலேயே அழுகத் தொடங்கும், முன்னால் சொன்ன அதே வாயு வண்டிக்குள் அடையும். மேலும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பாசியோடு சிக்கி வரும் பவளத் துண்டையோ கடல் அட்டையையோ கொண்டுவந்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். ஒதுங்கும் பாசியும் அவர்கள் வருமானம்தான். தென்னைக்கு வேண்டுமானால் உரக்கடையில் கடற்பாசிச் சாறு கிடைக்கிறது, புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கே கலந்து தெளியுங்கள்.

காங்கேயம் வாசகர்: *பாசி இல்லை, ஆனாத் தண்ணியே பச்சையா இருந்தா?*

இறங்காதீர்கள். அது நுண்பாசிப் பெருக்கம், மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்பார்கள். 2019-இல் அப்படி வந்தபோது மீன்கள் செத்து ஒதுங்கின. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் பாசிப் பெருக்கத்துக்கும், கள்ளக்கடல் என்னும் திடீர் அலைக்கும் எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் முன்தின மாலை அதைப் பாருங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் படகுத் துறையில் வலை காயவைப்பவரிடம் "இன்னைக்கு எந்தக் கடல் நல்லா இருக்கு?" என்று கேளுங்கள்.