ஓடிப்போன ராதா, அப்புறம் என்ன செய்தார்?

கேள்வி: நான் காசிமேட்டில் இருக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகன், 23 வயது. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறில் ஒரு வீதி நாடகக் குழுவோடு போய் நடிக்கிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு, சாலிகிராமத்தில் ரூம் எடுத்து சினிமா வாய்ப்புத் தேடப்போகிறேன் என்கிறான். வேண்டாம் என்றால், 'எம்.ஆர்.ராதாவே வீட்டை விட்டு ஓடித்தானே பெரிய நடிகர் ஆனார்' என்கிறான். என் அப்பா 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தைத் தேடித் தேடிப் பார்த்தவர். அதனால் என்னால் பதில் பேச முடியவில்லை. தடுப்பதா, விடுவதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இந்த வயதில் ஒரு பையன் அம்மாவிடம் வாதாட எம்.ஆர்.ராதாவைத் துணைக்கு அழைக்கிறான் என்றால், அவன் தாத்தா அவனுக்கு நன்றாகக் கதை சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் மகன் அந்தக் கதையின் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டான். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.

ஓடியது உண்மைதான். ராதா 1907-இல் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். அப்பா பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். சாப்பாட்டில் மீன் துண்டு குறைந்துபோன சண்டையில் ராதா வீட்டை விட்டுக் கிளம்பினார் என்பார்கள். ஒரு துண்டு மீனுக்காகப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று காசிமேட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. சாப்பாடு, படுக்கை, பாட்டு, வசனம், வாத்தியாரின் அடி எல்லாம் அங்கேதான். வளரும் வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் போனால் பல பையன்களுக்கு வேஷமும் போய்விடும்.

ராதா அங்கே நடிப்பை மட்டும் கற்கவில்லை. மின்சார வேலை, மெக்கானிக் வேலை, வண்டி ஓட்டுவது என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். உங்கள் மகனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவன் விடத் துடிக்கும் எலெக்ட்ரீஷியன் தொழில் அவன் கொண்டாடும் மனிதருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராதாவின் முதல் படம் 'ராஜசேகரன்', 1937. அப்போது அவருக்கு 30 வயது. தொடர்ந்து சில படங்களில் நடித்தார், ஆனால் சினிமா அவரைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவர் சினிமா வாய்ப்புக்காகக் காத்துக் கிடக்காமல் மேடைக்கே திரும்பிவிட்டார். ஊர் ஊராக 'இழந்த காதல்', 'தூக்குமேடை', அப்புறம் திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்'. அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய எதிர்ப்பில், 1954-இல் அரசாங்கம் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஒரு நடிகன் மேடையிலிருந்து ஓர் அரசாங்கத்தையே அசைத்த காலம் அது.

அதே 1954-இல்தான் 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்தது. 'பராசக்தி'யைத் தயாரித்த பி.ஏ.பெருமாள் தயாரிப்பு, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ராதாவுக்கு அப்போது 47 வயது. நான் சிறுவயதில் மின்ட் பக்கம் ஒரு தியேட்டரில், பழைய படமாகப் போட்டபோது அதைப் பார்த்தேன். வெளிநாடு போய்வந்த மோகனசுந்தரத்தின் திமிருக்கு விழுந்து விழுந்து சிரித்த கூட்டம், அவன் குட்டநோயோடு தெருவில் நின்றபோது அடங்கிவிட்டது. அடித்தொண்டையில் கரகரவென்று ஆரம்பித்து, ஒரே வரிக்குள் கீச்சென்று ஏறி, மறுபடி இறங்கும் அந்தக் குரல் வருடக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக ஜனங்கள் முன்னால் பழகிய குரல். ஸ்டுடியோவுக்குள் நுழைந்த அன்றே மோகனசுந்தரம் அவருக்குள் முழுசாக இருந்தான்.

'பாகப்பிரிவினை' (1959), 'பாவமன்னிப்பு' (1961), இரட்டை வேடம் போட்ட 'பலே பாண்டியா' (1962) என்று சினிமா அவரைத் தேடித் தேடிக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான், ஐம்பது வயதைத் தாண்டி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தடுக்காதீர்கள். 23 வயதுப் பிள்ளையை ஆசையிலிருந்து பிரித்து வைத்தால், வேலையும் வீடும் இரண்டுமே அவனுக்குக் கசந்துபோகும். ஆனால் இப்போதைக்கு வேலையை விடவும் சம்மதிக்காதீர்கள். சாலிகிராமத்தில் வாடகையும் சாப்பாடும் ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அவனையே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை அவன் தன் சம்பளத்திலிருந்து சேர்க்கட்டும். சேர்ந்தபிறகு மறுபடி பேசலாம். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், ஆல்பம் போட வேண்டும் என்று யார் பணம் கேட்டாலும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள். உங்கள் நகை அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நாடகத்தை மட்டும் அவன் விடவே கூடாது. இன்னும் ஆழமாகப் பயிற்சி வேண்டுமென்றால், ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பற்றி விசாரிக்கட்டும். பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உழைத்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர்கள். உங்கள் பக்கத்துக்கும் நாடகம் புதிதில்லை. யானைகவுனிப் பக்கம் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை தியேட்டர் என்றால் அந்தக் காலத்து நாடகக் கம்பெனிக்காரர்களுக்கு அவ்வளவு பெருமை. உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த இடமாக இருக்கும்.

இவ்வளவு எழுதினீர்கள், அவன் நடிப்பு எப்படி என்று ஒரு வரி கூட எழுதவில்லை. ஒருவேளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லையோ? வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்தத் தெருவில் நாடகம் என்று கேளுங்கள். அவனிடம் சொல்லாமல் போங்கள். முன்னால் போய் உட்கார வேண்டாம், கூட்டத்துக்குக் கடைசியில் நில்லுங்கள். அவன் குரல் அங்கே வரைக்கும் வருகிறதா, பக்கத்தில் நிற்கிறவர்கள் அசையாமல் பார்க்கிறார்களா என்று கவனித்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.